மொஹாச் புஷோத் திருவிழா: எந்த நாள் போவது, எங்கே நிற்பது, முகமூடியில் எதைப் பார்ப்பது

தஞ்சைக்_கதிர்

தென் ஹங்கேரியில் டான்யூப் கரையில் இருக்கும் மொஹாச் நகரத்தின் ஃபர்ஷாங்க், அதாவது தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டப் பருவத்தைப் பற்றித் தமிழில் ஒழுங்கான விவரம் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஆட்டுத்தோல் அங்கியும் கொம்பு வைத்த மர முகமூடியும் போட்டு வருகிற புஷோக்களின் படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். படத்துக்குக் கீழே "குளிர்காலத்தை விரட்டும் விழா, துருக்கியரை விரட்டிய கதை" என்று ஒரே பத்திதான் திரும்பத் திரும்ப வருகிறது.

தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியவை: 2027இல் தேதி என்ன? இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் எந்த இரண்டு? படகில் வந்து இறங்குவதை எங்கே நின்று பார்ப்பது? முகமூடி வாங்கினால் நல்லதை எப்படி இனம் காண்பது? துருக்கியர் கதையில் எவ்வளவு உண்மை?

பேச்_நகர்வாசி

தேதியில் ஆரம்பிக்கிறேன். இதற்கு நிலையான தேதி கிடையாது, ஈஸ்டரோடு நகரும். கணக்கு சுலபம். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 49 நாள் பின்னால் போனால் ஃபர்ஷாங்க் ஞாயிறு, அதாவது பெரிய ஊர்வல நாள். 52 நாள் பின்னால் போனால் தொடக்க வியாழன். 47 நாள் என்றால் முடிவுச் செவ்வாய். அதற்கு மறுநாள் சாம்பல் புதன், கத்தோலிக்கர்களின் தவக்காலம் ஆரம்பித்துவிடும். அதனால் செவ்வாய் இரவோடு எல்லாம் முடிந்தாக வேண்டும்.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28. ஆகவே வியாழன் பிப்ரவரி 4, ஞாயிறு பிப்ரவரி 7, செவ்வாய் பிப்ரவரி 9. 2028இல் ஈஸ்டர் ஏப்ரல் 16, அப்போது ஞாயிறு பிப்ரவரி 27, செவ்வாய் பிப்ரவரி 29. மூன்று வாரம் தள்ளிப் போகிறது. குளிருக்குப் பயப்படுகிறவர்கள் 2028ஐப் பார்க்கலாம்.

ஆறு நாளும் ஒரே மாதிரி இருக்காது. வியாழனைச் சின்ன ஃபர்ஷாங்க் என்பார்கள், அது பிள்ளைகளின் நாள். வெள்ளி, சனியில் கைவினைச் சந்தை, இசை, நடனம். ஞாயிறு படகு, ஊர்வலம், சொக்கப்பனை. திங்கள் ஆரவாரம் குறைந்து குழுக்கள் வீடு வீடாகப் போகும் நாள். செவ்வாய் ஃபர்ஷாங்கை அடக்கம் செய்யும் நாள், குளிர்காலத்துக்கு அடையாளமான சவப்பெட்டியைத் தலைமைச் சதுக்கத்தில் எரிப்பார்கள்.

இரண்டு நாள் என்றால் என் கணக்கில் திங்களும் செவ்வாயும். ஞாயிறு கூட்டத்தில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

மயூரி_யாழ்

பேச் அண்ணா, திங்கள் செவ்வாய் எண்டு சொல்லிப் புதுசா வாறவைக்கு படகுக் காட்சியை இல்லாமல் பண்ணிப் போடாதேங்கோ. அது ஞாயிறு மட்டுந்தான். நூற்றுக்கணக்கான புஷோக்கள் எதிர்க்கரையில இருந்து மரப்படகிலயும் கடத்துப் படகிலயும் ஆத்தைக் கடந்து வாறது வேற ஒரு நாளும் நடக்காது. முதல்தரம் வாறவை ஞாயிறும் செவ்வாயும் எடுக்க வேணும், திங்கள் பக்கத்துப் பேச் நகரத்தில ஓய்வு.

எங்க நிக்கிறது எண்டதுக்கு என்ர பதில்: மதியத்துக்கு முன்னமே ஆத்தங்கரைக்குப் போயிடுங்கோ. ஊர்வலம் கோலோ சதுக்கத்தில சேர்ந்து, பீரங்கி வெடிச்ச பிறகு நகரத்தின்ர தலைமைச் சதுக்கமான சேச்சேனி சதுக்கத்துக்கு நகரும். படகு இறங்கிறதையும் பார்த்து, சதுக்கத்தில முன்வரிசையும் பிடிக்கலாம் எண்டு நினைக்கிறவை ரெண்டையும் இழப்பினம். ஊர்வலம் தெருவை அடைச்சுக்கொண்டு போறதால அதை முந்தி நடக்க ஏலாது. கரையா சதுக்கமா எண்டு முதலே முடிவெடுங்கோ. கரைதான் எண்டால் ஊர்வலத்தின்ர வாலோட சேர்ந்து நடவுங்கோ. கடைசியா வாற குழுக்கள் அவசரப்படமாட்டினம், நிண்டு ஆடுவினம், பக்கத்தில வடிவாப் பார்க்கலாம்.

பேச்_நகர்வாசி

மயூரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், முதல் தடவைக்கு ஞாயிறு + செவ்வாய்தான் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஞாயிறன்று சாயங்காலமும் ஒரு சவப்பெட்டி உண்டு, அதை டான்யூபில் மிதக்க விடுவார்கள். எரிப்பது செவ்வாயன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருக்கும் வழிகாட்டிகளை நம்பி, எரிப்பதைப் பார்க்க ஞாயிறே வந்துவிட்டுத் திங்கள் காலை கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

போக்குவரத்து: புடாபெஸ்டிலிருந்து மொஹாச் சுமார் 200 கி.மீ. நேப்லிகெத் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்கள் பேச் நகரம் வரை இன்டர்சிட்டியில் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து மொஹாசுக்கு ஏறக்குறைய 40 கி.மீ. பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கார் என்றால் எம்6 நெடுஞ்சாலை.

மொஹாசின் மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் கீழே. அறைகள் கொஞ்சம், பல மாதம் முன்னாலேயே போய்விடும். பேச் நகரத்தில் தங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், அது பெரிய பல்கலைக்கழக நகரம், பிப்ரவரியில் இடம் கிடைக்கும். சிக்கல் எங்கே வரும் என்றால் திரும்பும் பேருந்தில். சொக்கப்பனை இருட்டிய பிறகுதான். பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் மறைவது 5.10 வாக்கில். நெருப்பைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு ஓடுவார்கள். அந்த ஆண்டு கூடுதல் பேருந்து விடுகிறார்களா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியதுமே நிலையத்துப் பலகையில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, செவ்வாய் அட்டவணை வேறு.

காரில் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வார இறுதியில் நகர நடுவே சாலைகள் அடைக்கப்படும், வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அடுத்தது, ஹங்கேரியில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்ககால் பூஜ்யமாக இருக்க வேண்டும். தெருவில் முகம் தெரியாத ஒரு புஷோ பாலிங்கா என்ற பழச்சாராயக் கோப்பையை நீட்டுவது மரியாதை, வாங்கிக்கொண்டு ஓட்டுவது குற்றம். ஓட்டுகிறவர் சாவியைத் தூக்கிக் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே போடுங்கள். கிறிஸ்துமஸ் வாரங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பது கடினம்.

பழஞ்சுவடி

துருக்கியர் கதைக்கு வருகிறேன். கதை இது: உதுமானியர் வந்தபோது மொஹாச் மக்கள் ஆற்றுக்கு அக்கரைச் சதுப்புத் தீவுக்கு ஓடி ஒளிந்தார்கள். ஒரு கிழவர் தோன்றி, முகமூடி செதுக்கிக்கொண்டு காத்திருங்கள் என்றார். ஒரு புயல் இரவில் முகமூடியோடும் ஓசைக் கருவிகளோடும் படகில் ஆற்றைக் கடந்து வந்ததும், பேய்கள் வந்துவிட்டன என்று துருக்கியர் ஓடிப்போனார்கள்.

காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. மொஹாச் போர் நடந்தது 1526 ஆகஸ்ட் 29. ஹங்கேரிப் படை ஒரே பிற்பகலில் நொறுங்கியது. இருபது வயது அரசர் இரண்டாம் லயோஷ் தப்பி ஓடும்போது செலே ஓடையில் இறந்தார். அதன் பிறகு இந்தப் பகுதி 1687 வரை உதுமானியர் கையில் இருந்தது. முகமூடி மரபு யாருடையது? ஷோகட்ஸ் எனப்படும் கத்தோலிக்கத் தென்சிலாவியருடையது, இன்று அவர்கள் குரோவாசியச் சிறுபான்மையினர். அவர்கள் பெருமளவில் இங்கே குடியேறியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், துருக்கியர் போகிற காலத்தில். விரட்ட வேண்டியவர்கள் போகிற வேளையில் வந்தவர்களின் வழக்கம் இது.

உறவுமுறையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஸ்லோவேனியாவில் பத்துய் நகரத்துக் குரெந்த், குரோவாசியாவில் காஸ்தவ் வட்டாரத்து மணியாட்டிகள், பல்கேரியாவில் பெர்னிக் நகரத்துச் சூர்வா ஆகிய மூன்றிலும் ஆட்டு ரோம அங்கி, இடுப்பில் மணி, குளிர்காலச் சடங்கு என்று ஒரே சட்டகம். அங்கெல்லாம் மொஹாசின் படகுக் கதை இல்லை. சட்டகம் பழையது, துருக்கியர் கதை மொஹாசில் அதன்மேல் ஏறியது.

தஞ்சைக்_கதிர்

அப்படியானால் கதையைப் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? ஆற்றைக் கடக்கும் காட்சியே அந்தக் கதையை நம்பித்தானே நடக்கிறது?

பழஞ்சுவடி

ஒதுக்கக் கூடாது. ஹங்கேரியர் ஒவ்வொருவருக்கும் மொஹாச் என்றால் தோல்வி, நாடே விழுந்த இடம். நகரத்துக்குத் தெற்கே ஷாதோர்ஹேய் கிராமத்தில் போர் நினைவிடம் இருக்கிறது. 1960இலும் 1970களிலும் தோண்டியபோது அங்கே கூட்டுப் புதைகுழிகள் கிடைத்தன, 1700க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். 450ஆம் ஆண்டு நினைவாக 1976இல் திறந்தார்கள். செதுக்கிய மரத் தூண்கள் புல்வெளியில் கும்பல் கும்பலாக நிற்கும். அந்தப் பெயரைச் சுமக்கிற ஊரில், குடியேறிகளின் குளிர்கால விழா "நாம் ஒருமுறை அவர்களை விரட்டினோம்" என்ற கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் புரிகிறது. வந்தேறிகளின் வழக்கம் நகரம் முழுவதற்கும் சொந்தமானது இந்தக் கதை வழியாகத்தான். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதும் இதைத்தான் குறிப்பிட்டார்கள்: குரோவாசியச் சிறுபான்மையில் தோன்றியது, இன்று ஊருக்கே அடையாளம்.

அந்த யுனெஸ்கோ ஆவணம் ஞாயிறு ஊர்வலத்தில் 500க்கும் மேற்பட்டவர்கள் என்கிறது. இப்போது வருகிற எண்ணிக்கை அதைவிட மிக அதிகம்.

உளிச்சத்தம்

முகமூடி பற்றி நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மரம் வில்லோ. கிரிக்கெட் மட்டைக்கு எடுக்கிற அதே இனக்குடும்பம், டான்யூப் சதுப்பில் தானாக வளர்வது. இதை எடுப்பதற்குக் காரணம் மூன்று: காய்ந்தால் எடை குறைவு, செதுக்க இளக்கம், அடிபட்டால் சட்டென்று பிளக்காது, பள்ளம் விழுந்து நிற்கும். மணிக்கணக்கில் முகத்தில் மாட்டி ஆட வேண்டிய பொருளுக்கு இது மூன்றும் வேண்டும். கருவாலியில் செதுக்கினால் கழுத்து தாங்காது.

சாறு இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் வெட்டிய மரம் நல்லது. முகத்தைவிட ஒரு சாண் நீளமாகத் துண்டு எடுத்து நடுவில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு துண்டில் இரண்டு முகமூடி. வளைந்த பட்டைப் பக்கம் முகம், பிளந்த தட்டைப் பக்கம் உள்பக்கம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் நடுச்சோற்றிலிருந்துதான் கிளம்பும். பாதியாகப் பிளந்து உள்பக்கத்தைக் குடையும்போது அந்த நடுச்சோறு முழுக்க வெளியே போய்விடுகிறது, மிச்சம் இருப்பது ஓடு மட்டும். ஓடு தடையில்லாமல் சுருங்கும், எளிதில் பிளக்காது. நடுச்சோறு கொஞ்சம் விட்டுப்போனால் நெற்றியிலிருந்து மூக்கு வரை கோடு விழும், அதற்கு மருந்தே கிடையாது.

வேலை வரிசை: முதலில் கைக்கோடாலியால் வெளி உருவம். மூக்கு, புருவம், தாடை மூன்றையும் பெரிதாக விட்டுக்கொண்டு மற்றதைக் கழிப்பது. பிறகு வாய்ச்சியால் உள்பக்கம் குடைவது. பச்சை மரத்தில் ஓட்டின் கனம் இரண்டு விரல் விட்டு நிறுத்திவிட வேண்டும். காற்றோட்டமான நிழலில், மேலும் கீழும் உள்ள வெட்டு முகங்களில் மெழுகோ பசையோ பூசிக் காயவைப்பார்கள். வெட்டு முகம் வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், பூசாவிட்டால் ஓரம் முதலில் காய்ந்து வெடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கெட்டது. காய்ந்த பிறகுதான் வளைந்த உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக் கண், வாய், சுருக்கங்கள். வில்லோவில் மழுங்கிய உளி போட்டால் நார் பஞ்சாகக் கிளம்பும், உப்புத்தாளால் தேய்த்தால் இன்னும் கிளம்பும். தீட்டிய உளியால் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். நல்ல முகமூடியில் உளித்தடம் தெரிவது இதனால்தான், அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

கண் துளை வெளியே பெரிதாகவும் உள்ளே சிறிதாகவும் இருந்தால் ஆடுகிறவருக்குக் கால் தெரியாது. உள்பக்கம் கீழ்நோக்கிச் சரித்து அகலப்படுத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தே இருக்கும், மூச்சுக்கு. பூஜ்ய டிகிரிக் குளிரில் வாய்த்துளை போதாவிட்டால் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து மரம் ஊறும், பிறகு அறைக்குள் வந்து காயும்போது தாடைப் பக்கம் வெடிக்கும்.

நிறத்துக்கு அந்தக் காலத்தில் கால்நடை இரத்தம். இன்று பெரும்பாலும் செம்பழுப்புச் சாயம், கறுப்பு. கொம்பு உண்மையான ஆட்டுக் கொம்போ மாட்டுக் கொம்போ: உள்ளே இருக்கும் எலும்பைக் கழற்றிவிட்டு, வெற்றுக் கொம்பில் மரக்கட்டை இறுக்கி, முகமூடியின் உள்பக்கமிருந்து திருகாணி போட்டுப் பூட்டுவார்கள். கடைசியாக ஆட்டுத்தோல் தலைமூடி. முகமூடியின் ஓரம் நெடுக ஆணி அடித்துத் தலை முழுவதையும் பின்னால் மறைக்கும். எடையைத் தாங்குவது இந்தத் தலைமூடிதான், மூக்கு இல்லை.

தஞ்சைக்_கதிர்

சந்தையில் நல்லதை எடுப்பதற்கு இதில் எதைப் பார்க்க வேண்டும்?

உளிச்சத்தம்

திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் பயங்கரமாகத் தீட்டிவிடலாம், உள்பக்கம் ஏமாற்றாது. குடைந்த இடம் ஆழமாக, மூக்குக்கும் கன்னத்துக்கும் இடம் விட்டு இருந்தால் போடுவதற்காகச் செய்தது. தட்டையாக, ஆணி மாட்டும் கொக்கியோடு இருந்தால் சுவருக்காகச் செய்தது. இரண்டுக்கும் விலை வேறு, இரண்டும் நேர்மையான பொருள்தான். சுவர்ப் பொருளை ஆடும் பொருள் விலைக்கு வாங்காமல் இருந்தால் போதும். நெற்றியில் நடுக்கோடு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், சாயத்தில் கண்ணுக்குத் தெரியாது. கொம்பை மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடினால் பசை மட்டும்தான்.

இந்தியாவுக்கு எடுத்துப் போகிறவர்கள் தோல், கொம்பு இல்லாததை வாங்குவது நல்லது. பதப்படுத்தாத தோலும் கொம்பும் சுங்கத்தில் கேள்வியைக் கிளப்பும். பட்டை ஒட்டியிருக்கும் மரமும் வேண்டாம்.

கெரெப்லோவும் வாங்கலாம், மலிவு. பல்சக்கரத்தின்மேல் மரநாக்கு தட்டிக் கரகரவென்று சத்தம் போடும் கைக்கருவி. நாக்கு வளைந்து கொடுக்கும் கடின மரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பொம்மைக் கடைச் சரக்கில் நாக்கு சீக்கிரமே ஒடிந்துவிடும். கடையிலேயே பலமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மயூரி_யாழ்

உடுப்பையும் சொல்லிப் போடுறன், ஆரையும் இனங்காண உதவும். புஷோ எண்டால் ரோமம் வெளிப்பக்கம் வாற மாதிரித் திருப்பிப் போட்ட ஆட்டுத்தோல் அங்கி, இடுப்பில கயித்தில கட்டின மாட்டுமணி, வைக்கோல் அடைச்ச வெள்ளைக் காற்சட்டை, நிறநிறமாப் பின்னின கம்பளிக் காலுறை, போச்கோர் எண்டுற தோல் செருப்பு. வைக்கோல் உருவத்தைப் பருப்பிக்கும், குளிரையும் தடுக்கும். கந்தலும் முகத்தில துணியுமாத் திரியிறவை யாங்கெலே. புஷோக்களுக்குக் கூட்டத்தை விலத்தி வழியெடுக்கிறது அவையின்ர வேலை, கையில சாம்பலோ மாவோ கந்தலோ அடைச்ச பை இருக்கும். ஷோகட்ஸ் உடுப்பில முகத்திரை போட்டு வாறவை அழகுப் புஷோ. இடையில ஒரு வண்டிச்சக்கரத்தைத் தரையில இழுத்துக்கொண்டு வருவினம், மேல ஆணும் பெண்ணுமா ரெண்டு வைக்கோல் பொம்மை சுழண்டு சுழண்டு ஆடும். அது பிசாசுச் சக்கரம். விட்டிடாதேங்கோ.

படம் எடுக்கிறவைக்கு:

யாங்கெலேயின்ர மாவுதான் கமராவுக்கு முதல் எதிரி. தெருவில வில்லை மாத்தாதேங்கோ. 24–70 ஒண்டைப் பூட்டி, மேல பிளாஸ்டிக் உறையைக் கட்டிப் போட்டு அதோடயே இருங்கோ. படகுக்கு 70–200 வேணும் எண்டால் கரைக்கு வர முதலே மாத்துங்கோ.

கரும்பழுப்பு ரோமம் சட்டகத்தை நிறைச்சால் மானி ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், முகமூடியின்ர செதுக்கல் எல்லாம் வெளிறும். மூண்டில ரெண்டு படி குறைச்சு வையுங்கோ. பனி விழுந்த வருஷம் இதுக்கு எதிர்மாறு. சொக்கப்பனைக்கு எஃப் 2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200 எண்டு தொடங்கி, சுவாலையின்ர நடு வெள்ளையாப் போனால் ஐஎஸ்ஓவை இறக்குங்கோ. பிளாஷ் போட்டால் புகையும் வைக்கோல் தூசியும்தான் படத்தில விழும்.

குளிருக்குள்ள இருந்து சூடான கடைக்குள்ள போக முதல் கமராவைப் பைக்குள்ள வைச்சு இறுக்கக் கட்டுங்கோ, அரை மணித்தியாலம் திறவாதேங்கோ. இல்லாட்டி வில்லைக்குள்ள நீர் படியும்.

பேச்_நகர்வாசி

நெருப்பைப் பற்றி மயூரி சொன்னதோடு ஒன்று. மேல்சட்டை நைலான் பஃபர் என்றால் சொக்கப்பனைக்குக் கிட்டே போகாதீர்கள். ஒரு தீப்பொறி போதும், துணி உருகித் துளை விழும். கம்பளியோ கனத்த பருத்தியோ மேலே இருக்கட்டும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், புகையும் பொறியும் எதிர்ப்பக்கம் போகும். நெருப்பைச் சுற்றி கோலோ வட்டம் கட்டுவார்கள், தம்புரா எனும் அந்த ஊர் நரம்புக்கருவி இசைக்கு. அதில் யாரும் சேரலாம். கையைக் கோத்துக்கொண்டு பக்கத்து ஆளின் காலைப் பார்த்தால் அடி பிடிபட்டுவிடும்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் வியாழனை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அவர்களுக்கு ஆகாது. புஷோ சீண்டுவார், கட்டிப் பிடிப்பார், சட்டைத் தொப்பிக்குள் வைக்கோலைத் திணிப்பார். அது வாழ்த்துதான், ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு அது தெரியாது. பிடிக்கவில்லை என்றால் பின்னால் இரண்டு வரிசை தள்ளி நின்றால் வரமாட்டார்கள். ஒரு காரியம் மட்டும் செய்யவே கூடாது: யாருடைய முகமூடியையும் தூக்கிப் பார்ப்பது. உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் இருப்பதுதான் வழக்கத்தின் உயிர். அவர்களே கழற்றி ஓய்வெடுக்கும்போது படம் எடுக்கவும் கேட்டுவிட்டு எடுங்கள்.

தஞ்சைக்_கதிர்

வெளியூர்க்காரர் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் சேர வழி உண்டா?

பழஞ்சுவடி

கதிர், அதைச் செய்யாதீர்கள். புஷோக்கள் குழுக் குழுவாகத் தங்களைத் தாங்களே அமைத்துக்கொண்டவர்கள். முகமூடி செதுக்குவதும் வண்டி கட்டுவதும் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அந்தக் குழுவுக்குள் ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஆறு நாள் விழா அதன் வெளிப்பக்கம். உள்ளே வர வேண்டும் என்றால் ஒரு குழுவின் நட்பு வழியாகத்தான். வருகிறவர்கள் செய்ய வேண்டியது, ஊர்வலம் இல்லாத நேரத்தில் புஷோ முற்றத்துக்குப் போவது. முகமூடி, உடுப்பு, கருவிகள் எல்லாம் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும். திங்கள்கிழமைக்கு நான் வாக்களிப்பது இதற்காகத்தான். தெருவில் ஒரு குழு நான்கு வீடு போய் வருவதைப் பார்த்தால், இது யாருக்காக நடக்கிறது என்பது தெரிந்துவிடும். ஞாயிறன்று அது தெரியாது.

சைவச்சமையல்

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே. சந்தைத் தெருவில் கண்ணில் படுவதெல்லாம் பன்றி: பன்றிக் காலோடு மண்பானையில் வேகும் பீன்ஸ் இந்த ஊரின் பெருமை, பிறகு கொல்பாஸ் என்ற தொத்திறைச்சி, பொர்க்கொல்த் என்ற இறைச்சிக் குழம்பு. பீன்ஸ்தானே என்று சைவர்கள் வாங்கிவிடாதீர்கள், பானைக்குள் இறைச்சியும் கொழுப்பும் கரைந்திருக்கும்.

சைவத்துக்கு லாங்கோஷ்: புளித்த மாவைத் தட்டிப் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, புளிப்புப் பாலாடையும் துருவிய சீஸும் போட்டது. பொரிக்கும் எண்ணெய் தாவர எண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று கேளுங்கள், இரண்டும் உண்டு. "ஜ்ஷீர்" என்று பதில் வந்தால் கொழுப்பு, "ஓலாய்" என்றால் எண்ணெய். கூர்த்தோஷ்கலாச், கட்டையில் சுற்றித் தணலில் சுட்டுச் சர்க்கரை பூசிய ரொட்டி, நம்பிச் சாப்பிடலாம், முட்டை மட்டும் இருக்கலாம். ஃபர்ஷாங்க் பருவத்துக்கே உரியது ஃபாங்க்: நடுவில் வெள்ளைப் பட்டை ஓடுகிற பொரித்த பன், ஆப்ரிகாட் ஜாமோடு. அந்தப் பட்டை விழுந்திருந்தால் மாவு நன்றாகப் புளித்து லேசாகி எண்ணெயில் பாதி மிதந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டை இல்லாதது கனமாக, எண்ணெய் குடித்து இருக்கும். பட்டை பார்த்து வாங்குங்கள்.

சில்லறையாக ஃபோரின்ட் தாள்கள் கையில் இருக்கட்டும். சின்னக் கடைகளில் கூட்ட நேரத்தில் அட்டை இயந்திரம் திணறும்.

உளிச்சத்தம்

சந்தையில் கறுப்பு மண்பாண்டம் கண்ணில் பட்டால் நில்லுங்கள், அதுவும் மொஹாசின் பழைய தொழில். சாயம் இல்லை, மெருகும் பூசவில்லை. பாதி காய்ந்த நிலையில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றி, சுட்டு முடிக்கும் நேரத்தில் சூளையின் எல்லா வாயையும் அடைத்துவிடுவார்கள். காற்று இல்லாமல் புகை மண்ணுக்குள் இறங்கிக் கறுக்கும். சூளையில் எங்கேயாவது ஒரு கீறல் வழியாகக் காற்று நுழைந்தால் அந்தப் பக்கத்துப் பானையில் செம்பழுப்புத் திட்டு விழும். குடுவை தண்ணீரைக் கசியவிட்டுக் குளிர வைக்கும், அதனால் பூச்சாடியாக வைத்தால் மேசை நனையும், அடியில் தட்டு வேண்டும்.

தஞ்சைக்_கதிர்

அருமை. கடைசியாக ஒன்று: சென்னை ஈரத்தில் வில்லோ முகமூடி தாங்குமா?

உளிச்சத்தம்

தாங்கும், இரண்டு விஷயத்தைக் கவனித்தால். வந்ததும் ஏசி அறையில் மாட்டாதீர்கள். முதல் ஒரு மாதம் ஏசி இல்லாத அறையில் துணி சுற்றி வையுங்கள், மரம் நம் ஊர் ஈரத்தைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொள்ளட்டும். அடுத்தது பூச்சி. வில்லோ இளக்கமான மரம், துளைப்பூச்சிக்குப் பிடித்தமானது. உள்பக்கம் சாயம் இல்லாமல் வெறும் மரமாக இருக்கும், அங்கேதான் துளைக்கும். வாங்கும்போதே உள்பக்கத்தில் ஊசிமுனைத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்து, தட்டினால் மாவு உதிர்ந்தால் வாங்கவே வேண்டாம். வீட்டில் பின்னால் மாவு கண்டால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில், மைனஸ் 18இல், இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுப் பிறகு திறங்கள். சுவரில் மாட்டும்போது பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறாது.